பால்வாடி கட்ட நிதி கேட்கப் போகிறவர்களுக்கு: கடலூர், புதுச்சேரி வழிகாட்டி

கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். எங்கள் குப்பத்துப் பெண்கள் நாலு மணிக்கே கூடையோடு கிளம்பினால்தான் நல்ல மீன் கைக்கு வரும். அங்கன்வாடி திறக்க ஒன்பது மணி ஆகும். நடுவில் உள்ள ஐந்து மணி நேரம் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது எட்டு, ஒன்பது வயது அக்காக்கள்தான். அந்த அக்காக்கள் பள்ளிக்குத் தாமதமாகப் போவார்கள், பல நாள் போகவே மாட்டார்கள்.

இதற்காக ஒரு பகல் நேரக் காப்பகமும் பால்வாடியும் சேர்ந்த சின்னக் கட்டடம் கட்ட நிதி தேடினோம். முதல் கூட்டத்திலிருந்து திறப்பு வரை 19 மாதம் ஆனது. அதில் கட்டட வேலை ஐந்து மாதம்தான். மீதி 14 மாதமும் தாள்களோடு அலைந்தோம். எதை முதலில் செய்வது என்று தெரியாததால்தான் அதில் பாதி வீணானது. அடுத்து இறங்குகிறவர்கள் அந்த மாதங்களை இழக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டடத்துக்குப் பணம் கொடுக்க ஆள் கிடைப்பார்கள். நிலத்தின் தாள் சரியில்லாவிட்டால் அந்தப் பணத்தை உங்களால் வாங்க முடியாது. மாதாமாதம் நடத்தும் செலவுக்கு வழி இல்லாவிட்டால் கட்டிய கட்டடம் பூட்டிக் கிடக்கும். இந்த இரண்டையும் முடித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

1. நடத்தப் போவது யார் என்று முடிவு செய்யுங்கள்

இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, அரசு அங்கன்வாடிக்குக் கட்டடம் கட்டிக் கொடுப்பது. பணியாளர் சம்பளம், முட்டை, சத்துமாவு எல்லாம் அரசுடையது. நீங்கள் கட்டடத்தோடு விலகிக்கொள்ளலாம். இன்னொன்று, உங்கள் டிரஸ்டோ சங்கமோ சொந்தமாக நடத்துவது. நேரத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லாச் செலவும் உங்கள் தலையில்.

என்னைக் கேட்டால், உங்கள் பகுதி அங்கன்வாடி வாடகை வீட்டில் நடக்கிறதென்றால் முதல் வழியைத்தான் சொல்வேன். வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரைப் பார்த்து, அந்த மையத்துக்கு ஏற்கெனவே கட்டடம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒதுக்கீடு வரிசையில் இருந்தால் நீங்கள் மெனக்கெடவே வேண்டாம். 400 முதல் 800 பேர் உள்ள பகுதிக்கு ஒரு அங்கன்வாடி என்பது அரசின் கணக்கு. உங்கள் குடியிருப்பில் 800 பேருக்கு மேல் இருந்து ஒரே மையம்தான் என்றால், இன்னொன்று கேட்டு மனு கொடுக்கவும் இடம் இருக்கிறது.

வேலைக்குப் போகும் தாய்மாரின் 6 மாதம் முதல் 6 வயது வரையான குழந்தைகளுக்கு, மிஷன் சக்தியின் கீழ் பால்னா என்ற காப்பகத் திட்டமும் உள்ளது. அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்த்து நடத்தும் முறை அதில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்துக்கு இடம் கிடைக்குமா என்பதையும் அதே அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

எங்களுக்கு நேரம்தான் சிக்கல். விடிகாலை நாலு மணிக்குத் திறக்க வேண்டும் என்பதால் இரண்டாவது வழிக்குப் போனோம். இனி எழுதுவது பெரும்பாலும் அந்த வழியைப் பற்றித்தான். நிலம், மதிப்பீடு பற்றியவை இரண்டு வழிக்கும் பொருந்தும்.

2. நிலத்தின் தாள்

எங்கள் நேரத்தை அதிகம் தின்றது இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

முதல் கேள்வி: இடம் தமிழ்நாடா, புதுச்சேரியா? வெளியூர்க்காரருக்கு இது வேடிக்கையாகத் தெரியும், நமக்குத் தெரியும். கன்னியக்கோயில் புதுச்சேரி, கொஞ்சம் தள்ளி ரெட்டிச்சாவடி தமிழ்நாடு. பாகூர்ப் பக்கம் வரப்புக்கு வரப்பு மாநிலம் மாறும். மாநிலம் மாறினால் பத்திரப்பதிவு, கட்டட அனுமதி, மனு போகும் அலுவலகம் எல்லாமே மாறும். தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் இணையத்திலேயே எடுக்கலாம். புதுச்சேரி நிலத்துக்கு அங்குள்ள நில அளவைத் துறையிலும் சார்பதிவாளரிடமும் எடுக்க வேண்டும். கட்டட அனுமதிக்குப் புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: நிலம் யார் பெயரில் இருக்கிறது? குப்பங்களில் "ஊர்ப் பொது இடம்" என்பார்கள். ஊர்த் தலைவர்களான நாட்டார்கள் கூடி "எடுத்துக் கட்டிக்குங்க" என்று சொல்லியும்விடுவார்கள். அவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் நிதி கொடுப்பவருக்கு அந்த வார்த்தை செல்லாது. பொது இடம் என்பது ஆவணத்தில் பெரும்பாலும் புறம்போக்காக இருக்கும். புறம்போக்கில் டிரஸ்ட் கட்டினால் அது ஆக்கிரமிப்பு. அரசு நிலம் என்றால் வருவாய்த் துறை வழியாக முறையாக ஒதுக்கீடோ குத்தகையோ வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டடத்தை அரசிடமே ஒப்படைக்கும் முதல் வழிக்கு வர வேண்டும். கோயில் நிலத்துக்கு அறநிலையத் துறையின் அனுமதி வேண்டும். நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட ஆதிதிராவிடர் நிலம், பஞ்சமி நிலம் என்றால் கைமாற்றும் பேச்சே வேண்டாம், வேறு இடம் பாருங்கள்.

எங்களுக்கு 4 சென்ட் இடத்தை ஒரு அம்மா தானமாகக் கொடுக்க வந்தார். வில்லங்கம் எதுவும் இல்லை. பட்டாவை எடுத்துப் பார்த்தால் அவருடைய அப்பாவின் பெயரில் இருக்கிறது. அப்பா இறந்து பதினோரு வருடம். வாரிசுச் சான்று வாங்கினோம். அதில் இன்னும் இரண்டு தங்கைகளின் பெயர்கள் இருந்தன, ஒருவர் காரைக்காலில், ஒருவர் நாகப்பட்டினத்தில். இருவரையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரே நாளில் வரவைக்க வேண்டும். இளைய தங்கையின் ஆதாரில் அப்பா பெயரின் எழுத்து வேறாக இருந்தது. அதைத் திருத்தி வரும்வரை பத்திரம் நின்றது. இந்த ஒரு விஷயத்துக்கு ஐந்து மாதம். பத்திரம் பதிவான அன்று அந்த அம்மா வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்து, "அப்பா பேருல ஒரு பலகை மட்டும் மாட்டுங்க" என்றார். மாட்டியிருக்கிறோம்.

ஆகவே யாராவது இடம் தருகிறேன் என்றால், நன்றி சொல்லிவிட்டு அன்றே பட்டா நகலைக் கேளுங்கள். பெயருக்கு உரியவர் உயிரோடு இருக்கிறாரா, உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்டுவிடுங்கள்.

குடும்பத்துக்கு வெளியே தானமாக எழுதினாலும் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் வழிகாட்டி மதிப்பின் மேல் வரும். இலவசமாகக் கிடைத்த நிலத்துக்கும் இந்தப் பணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். புதுச்சேரியில் வழிகாட்டி மதிப்பை ஜி.எல்.ஆர். என்பார்கள், அதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். பெரும்பாலான நிதியாளர்கள் இந்தச் செலவைத் தருவதில்லை.

குத்தகை என்றால், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரம் பதிவாகியே தீர வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கியதை எந்தக் கம்பெனியும் ஏற்காது. எங்களிடம் பேசியவர்கள் குறைந்தது 15 வருடக் குத்தகை கேட்டார்கள்.

சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு விதி இருக்கிறது, பலருக்கும் தெரியாது. அந்தப் பணத்தில் உருவாகும் கட்டடம் தனி ஆளின் பெயரிலோ கம்பெனியின் பெயரிலோ இருக்கக் கூடாது. சி.எஸ்.ஆர். பதிவு எண் உள்ள டிரஸ்ட், சங்கம் அல்லது லாப நோக்கமில்லாத பிரிவு 8 நிறுவனம், பயனாளிகளின் சுய உதவிக் குழு போன்ற கூட்டமைப்பு, அரசு அமைப்பு இவற்றில் ஒன்றின் பெயரில்தான் இருக்க வேண்டும். "நிலம் என் பேர்லயே இருக்கட்டும், நீங்க கட்டிக்குங்க" என்று நல்ல மனதோடு யாராவது சொன்னால், இந்த விதியைச் சொல்லிப் புரியவையுங்கள்.

கடலோரம் என்றால் இன்னும் ஒன்று. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இடம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள். சுற்றிலும் வீடுகள் இருக்கின்றன என்பதால் உங்களுக்கும் அனுமதி உண்டு என்று நினைத்துவிட வேண்டாம்.

3. அமைப்பின் தாள்கள்

கடலூர்ச் சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ், புதுச்சேரிச் சங்கம் என்றால் 1860ஆம் வருடத்துச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கும். டிரஸ்ட் என்றால் பதிவான டிரஸ்ட் பத்திரம். எதுவானாலும் கீழே உள்ளவை இல்லாமல் நிதியாளரின் வாசலை மிதிக்காதீர்கள்:

பதிவுப் பத்திரம், அமைப்பின் பெயரில் பான் அட்டை, வருமான வரித் துறையின் 12ஏ பதிவு (அமைப்புக்கு வரி விலக்கு), 80ஜி பதிவு (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை), தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் எண், கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண், கடந்த மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, வருமான வரிக் கணக்கு, நிர்வாகிகளின் பான் மற்றும் ஆதார் நகல்கள், வங்கிக் கணக்கின் ரத்து செய்த காசோலை.

தர்பனுக்குக் கட்டணம் கிடையாது. சி.எஸ்.ஆர்.-1க்கும் அரசுக் கட்டணம் கிடையாது. ஆனால் அதற்கு ஒரு நிர்வாகியின் டிஜிட்டல் கையொப்பமும், சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் போன்றவரின் சான்றொப்பமும் வேண்டும். அதனால் ஆடிட்டர் செலவு வரும். எங்களுக்கு டிஜிட்டல் கையொப்பம், ஆடிட்டர் கட்டணம் எல்லாம் சேர்த்து எட்டாயிரம் ஆனது.

இங்கே பொறி இரண்டு. முதலாவது, பெயர். டிரஸ்ட் பத்திரத்தில் ஒரு மாதிரி, பான் அட்டையில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி இருக்கும். எங்கள் பெயரின் ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' கூடுதலாக இருந்ததற்கு விண்ணப்பம் திரும்பி வந்தது, ஆறு வாரம் போனது. எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, வயது. பணம் தரும் கம்பெனி தானே தொடங்காத வெளி அமைப்பு சி.எஸ்.ஆர். பணத்தை வாங்க, அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம் வேண்டும் என்பது விதி. போன வருடம் பதிவு செய்த டிரஸ்டுக்குக் கம்பெனி மனது வைத்தாலும் கொடுக்க முடியாது. அப்படியானால், குழந்தைகளோடு வேலை செய்யும் பழைய அமைப்பு ஒன்றோடு சேர்ந்து கேளுங்கள். பணம் அவர்கள் கணக்குக்குப் போகும், கட்டடம் யார் பெயரில், நடத்துவது யார் என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு நெருங்கியவர்களாக இருந்தாலும் எழுத்து வேண்டும்.

4. யாரிடம் கேட்பது

கட்டடம் என்றால் முதலில் சி.எஸ்.ஆர். தான். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் தொழில் செய்யும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கடலூர் சிப்காட்டைச் சுற்றி இருப்பவர்கள், நெய்வேலியில் என்.எல்.சி.யைச் சுற்றி இருப்பவர்கள், புதுச்சேரியில் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் அந்த ஒரு வரியை வைத்தே பேச்சைத் தொடங்கலாம். கம்பெனியின் ஆண்டறிக்கையில் சி.எஸ்.ஆர். செலவுப் பட்டியல் இருக்கும். எந்த ஊரில், எந்த வேலைக்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்று அதில் பார்த்துவிட்டுப் போங்கள். கல்விக்கு எப்போதும் 5 லட்சத்துக்கு மேல் கொடுக்காத கம்பெனியிடம் 20 லட்சம் கேட்டு நாங்கள் இரண்டு மாதம் காத்திருந்தோம். ஆலை மேலாளரிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். பல கம்பெனிகளில் முடிவு சென்னையிலோ மும்பையிலோ உள்ள சி.எஸ்.ஆர். குழுவில்தான்.

பெரிய அறக்கட்டளைகள் பல, கட்டடத்துக்குப் பணம் தருவதில்லை. ஆசிரியர் பயிற்சி, சம்பளம், பாடப் பொருள் போன்றவற்றுக்குத் தருவார்கள். இது தெரியாமல் அவர்களிடம் கட்டட மதிப்பீட்டை நீட்டி, நல்ல வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டடத்துக்கு ஒருவர், நடத்துவதற்கு இன்னொருவர் என்று பிரித்துக் கேளுங்கள்.

ஜப்பான் அரசு ஜிஜிபி என்ற பெயரில் அடித்தட்டு மக்களுக்கான சிறு திட்டங்களுக்கு மானியம் தருகிறது. கட்டடம், கருவிகள் போன்றவை அதில் வரும், சம்பளம் வராது. நம் பகுதிக்குச் சென்னையில் உள்ள அவர்களின் தூதரக அலுவலகம். ஆனால் அது வெளிநாட்டு நிதி. வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான எப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும்.

எப்.சி.ஆர்.ஏ. பற்றி நம் பகுதிக்காரர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பதிவுக்கு அமைப்பு தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் ஸ்டேட் வங்கியின் டெல்லி முதன்மைக் கிளையில் தொடங்கும் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பங்கள், எத்தனையோ. நம் தெருவிலேயே இருப்பார்கள், நம் கோயில் திருவிழாவுக்கு வரி கொடுப்பார்கள். ஆனாலும் வெளிநாட்டுக் குடிமகன் கொடுக்கும் நன்கொடை, அவர் குயவர்பாளையத்தில் குடியிருந்தாலும், வெளிநாட்டு நிதிதான். ஆரோவில் பக்கம் வந்து பழகிய வெள்ளைக்கார நண்பர் ஆசையாகக் கொடுப்பதும் அப்படியே. அதை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கிப் போட்டால் இன்னும் பெரிய சிக்கல். அதே நேரம், இந்தியக் குடியுரிமையை விடாமல் சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை செய்கிறவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நிதியில் சேராது. கொடுப்பவரின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கூச்சப்படாமல் கேட்டு, நகல் வாங்கி வையுங்கள்.

முதல் வழியில் போகிறவர்களுக்கு, அதாவது அரசு அங்கன்வாடிக்குக் கட்டுகிறவர்களுக்கு, தமிழ்நாட்டில் நமக்கு நாமே திட்டம் நல்ல துணை. மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு போடும். கம்பெனி கொடுப்பதையும் அந்தப் பங்கில் காட்டலாம். கட்டடம் அரசுச் சொத்தாக இருக்கும்.

5. மதிப்பீடு

அங்கன்வாடிக் கட்டடம் ஒன்றுக்கு அரசு வைத்திருக்கும் கணக்கு 12 லட்சம். நிதியாளர்கள் பலரும் அதை மனதில் வைத்துத்தான் உங்கள் தொகையைப் பார்ப்பார்கள். கூடுதலாகக் கேட்டால், ஏன் என்று காரணம் சொல்லத் தயாராக இருங்கள்.

பதிவு பெற்ற பொறியாளரிடம் வரைபடமும் மதிப்பீடும் வாங்குங்கள். எங்களுடையது 640 சதுர அடி, அடிக்கு 2,300 ரூபாய், மொத்தம் 14 லட்சத்து 72 ஆயிரம். மதிப்பீட்டை அனுப்பிய பிறகுதான் ஒப்பந்ததாரர் கேட்டார், "ஜி.எஸ்.டி. எங்க சார் போட்டிருக்கீங்க?" 18 சதவீதம் என்றால் 2 லட்சத்து 64 ஆயிரத்து 960. கையெழுத்தான ஒப்பந்தத்தில் அந்தப் பணம் இல்லை. ஒப்பந்ததாரரிடம் கெஞ்சி அலங்கார வேலைகளைக் குறைத்து, மீதியைக் குப்பத்தில் வசூல் செய்து சரிக்கட்டினோம். உங்கள் மதிப்பீட்டின் கடைசி வரியில் ஜி.எஸ்.டி. தனியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள்.

மதிப்பீட்டில் விடக் கூடாத வேறு செலவுகள்: மின் இணைப்பு, போர் அல்லது குடிநீர் இணைப்பு, செப்டிக் தொட்டி, சுற்றுச்சுவர், கேட், அனுமதிக் கட்டணங்கள், பொறியாளர் கட்டணம், விலையேற்றத்துக்கு 5 சதவீதம்.

நம் மண்ணுக்கு ஏற்றதையும் மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததும், அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது உங்கள் இடத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பக்கத்து வீட்டுச் சுவரில் கறை பார்த்து அளந்துகொள்ளுங்கள். பேஸ்மட்டம் அதற்கு மேல் ஒரு அடியாவது இருக்கட்டும். எங்களுடையது மூன்றரை அடி. அதனால் படியோடு ஒரு சாய்தளமும், குழந்தை உயரத்தில் கைப்பிடியும் சேர்த்தோம். உப்புக் காற்றில் இரும்பு ஜன்னல் நாலு வருடம் தாங்காது, யு.பி.வி.சி. போடுங்கள். கான்கிரீட்டுக்கு உப்பு போர்த் தண்ணீரை ஊற்றவிடாதீர்கள், லாரித் தண்ணீர் வாங்குங்கள். அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல் நெய்வேலிப் பக்கத்திலிருந்தே கிடைக்கிறது, ஏற்றுக்கூலி குறையும்.

கூரை கண்டிப்பாகக் கான்கிரீட். செலவைக் குறைக்க முன்புறம் கீற்றுக் கொட்டகை போடலாம் என்று ஒருவர் சொன்னார். 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனதற்குப் பிறகு இந்தப் பேச்சை நாம் எடுக்கவே கூடாது. சமையலறையைக் குழந்தைகள் அறையிலிருந்து தனியாகப் பிரித்து, சிலிண்டரை வெளியே வையுங்கள். குழந்தைகள் அறைக்கு இரண்டு வாசல் வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும்.

கழிப்பறை சின்னப் பீங்கானாக இருக்கட்டும். இதைக் கடைசி நேரத்தில் மேஸ்திரி பெரியவர்கள் அளவில் வைத்துவிட்டார். இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று அதைப் பார்த்துப் பயந்து உள்ளே போக மறுத்தது. இடித்து மாற்ற 11,000 ரூபாய் ஆனது.

6. விண்ணப்பம் எழுதுவது

எட்டுப் பக்கம் போதும். உங்கள் குடியிருப்பில் 6 வயதுக்குக் கீழ் எத்தனை குழந்தைகள், அம்மாக்கள் என்ன வேலைக்கு எத்தனை மணிக்குப் போகிறார்கள், பக்கத்து அங்கன்வாடி எவ்வளவு தூரம் என்று வீடு வீடாக எடுத்த கணக்கு ஒரு பக்கம். அதை யாரும் தட்ட முடியாது. எங்கள் விண்ணப்பத்தில் வேலை செய்தது அந்த ஒரு பக்கம்தான் என்று பிறகு அவர்களே சொன்னார்கள். நடத்தும் செலவு எங்கிருந்து வரும் என்பதற்கு இன்னொரு முழுப் பக்கம் வையுங்கள்.

ஊர் ஆதரவுக்குத் தீர்மானம் கேட்பார்கள். தமிழ்நாட்டு ஊராட்சி என்றால் கிராம சபை கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குச் சில சமயம் இரண்டு, மூன்று மாதம். கடலூர் மாநகராட்சிக்குள் உள்ள தேவனாம்பட்டினம் போன்ற இடங்களுக்கு வார்டு உறுப்பினரையும் மாநகராட்சி அலுவலகத்தையும் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 2006க்குப் பிறகு நடக்கவில்லை. அங்கே கொம்யூன் பஞ்சாயத்து அல்லது நகராட்சி ஆணையரின் கடிதம்தான் வழி.

7. எந்த மாதத்தில் எது

கம்பெனியின் கணக்கு வருடம் ஏப்ரல் முதல் மார்ச் வரை. பல இடங்களில் அடுத்த வருடத்துக்கான திட்டங்களைப் பிப்ரவரி, மார்ச்சில் பேசுவார்கள், ஏப்ரல் முதல் ஜூன் வரை முடிவெடுப்பார்கள். நவம்பர், டிசம்பரிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். மார்ச் மாதத்தில் செலவாகாத பணம் மிஞ்சி, திடீரென்று கூப்பிடுவதும் உண்டு. அப்போது தாள் தயாராக இருப்பவருக்குத்தான் கிடைக்கும்.

அஸ்திவாரம் ஜனவரி முதல் ஜூலைக்குள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் மேல்தளம் போட்டு முடித்திருக்க வேண்டும். செப்டம்பரில் பணம் வந்தால் அவசரப்படாமல் ஜனவரி வரை தள்ளிவைக்க அனுமதி கேளுங்கள். பல வருடத் திட்டமாக முதலிலேயே ஒப்பந்தம் போட்டிருந்தால் அவர்களுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

மீனவர் குப்பம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் ஊரில் இருப்பார்கள், மண் அள்ள, கல் இறக்க ஆள் கிடைக்கும். ஆனால் அந்த இரண்டு மாதம் வீட்டில் வருமானம் இருக்காது, ஊர்ப் பங்கு வசூலை அப்போது வைக்காதீர்கள்.

8. பணம் வந்த பிறகு

பணம் தவணையாகத்தான் வரும். எங்களுக்கு 40, 40, 20. கடைசி 20 சதவீதம், வேலை முடிந்து ஆடிட்டர் கையொப்பமிட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்த பிறகு. அதாவது அந்த 20 சதவீத வேலையை உங்கள் கைக்காசில் முடிக்க வேண்டும். எங்களுக்குப் பெயின்டரும் எலக்ட்ரீஷியனும் கடனுக்கு வேலை செய்ததால் தப்பித்தோம். நீங்கள் ஒப்பந்தம் போடும்போதே 50, 40, 10 என்று கேட்டுப் பாருங்கள், பல பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பணிக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். ரொக்கமாக எதுவும் கொடுக்காதீர்கள். மணல் லாரிக்காரர் பில் தரமாட்டேன் என்பார். பில் தருகிற இன்னொருவரைத் தேடுங்கள், ஐந்நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும்போது வரிப் பிடித்தம் செய்ய வேண்டுமா என்று ஆடிட்டரிடம் முதல் காசோலைக்கு முன்பே கேளுங்கள். அஸ்திவாரம், பேஸ்மட்டம், லின்டல், தளம் என ஒவ்வொரு நிலைக்கும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். மூடிய கம்பியை யாரும் திறந்து காட்ட முடியாது.

9. திறப்பதற்கு முன்

நாலு சான்று: கட்டட உறுதிச் சான்று, தாசில்தாரிடம் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. தமிழ்நாட்டில் 2015 முதல் மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்குத் தனி விதிகள் உள்ளன, கல்வி அலுவலகத்தில் அங்கீகாரம் கேட்கும்போது இவை வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

நடத்தும் செலவை அப்படியே தருகிறேன். 25 குழந்தைகள். ஆசிரியைக்கு 9,000, ஆயாவுக்கு 7,000, சாப்பாடு ஒரு பிள்ளைக்கு நாளைக்கு 25 ரூபாய் வீதம் 26 நாளுக்கு 16,250, மின்சாரம், சோப்பு, சில்லறைப் பழுது 2,500. மாதம் 34,750, வருடம் 4 லட்சத்து 17 ஆயிரம். ஐந்தாவது வருடத்தில் இது கட்டடச் செலவைத் தாண்டிவிடும். சம்பளம் குறைவு என்று எங்களுக்கே தெரியும், உயர்த்த வழி தேடிக்கொண்டிருக்கிறோம். அம்மாக்கள் மாதம் 300 தருகிறார்கள், அது 7,500. மீதிக்கு ஒரு அறக்கட்டளை மூன்று வருடம் ஒத்துக்கொண்டிருக்கிறது. நாலாவது வருடத்துக்கான விண்ணப்பத்தை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டோம்.

சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். எங்களிடம் இரண்டு சாவி. ஒன்று ஆயாவிடம், இன்னொன்று எதிர் வீட்டுப் பாட்டியிடம். ஆயாவுக்கு உடம்பு முடியாத நாளிலும் மூணே முக்காலுக்கு விளக்கு எரிய வேண்டும். ஏலத்துக்குப் போகும் பெண்கள் தெருமுனையிலிருந்தே அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.